உடைப்புக்கு முந்திய அறம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியின் கடைமடை நாடு நீருக்குள் போனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட இது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி ஊரார் சோறு பொங்கிப் போட்டார்கள். மத்திய அரசும் மாநில அரசுமோ, மழை எச்சரிக்கை ஒழுங்காக வந்ததா இல்லையா என்று வாதாடின. பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

உடைந்தபின் கொடுப்பதா, உடையாமல் காப்பதா, அரசின் முதற்கடன் எது? காப்பதுதான். பசித்த வயிறு தூர்வாரி முடியும்வரை காத்திராது என்பது மெய். சேறு படிந்த அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு அந்த ஆறாயிரம் துணைதான். ஆனால் துணை வேறு, கடன் வேறு.

இந்தக் கணக்கைத் தமிழ் என்றோ தீர்த்துவிட்டது. கொற்கை முத்துக்கு உரியவனான பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. உணவு என்பது நிலத்தோடு சேர்ந்த நீர், ஆகவே பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்று வேந்தனுக்கே கட்டளை இடுகிறது. நாட்டின் உறுப்புகளை எண்ணும் வள்ளுவர் நீரில்தான் தொடங்குகிறார். வருமுன் காக்காத வாழ்வை நெருப்பின் எதிரே கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டவரும் அவரே. சிறுபஞ்சமூலம் சொர்க்கம் போகிறவன் செய்யும் ஐந்து வேலைகளை அடுக்கும்போது குளம் தோண்டுவதைத்தான் முதலில் வைக்கிறது. இத்தனை சான்றோரும் ஒரே பக்கம் நிற்கும்போது, ஆட்சியாளர் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கலாமா?

வண்டல் என்ன செய்யும் என்பதற்குக் கொற்கையைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? கிரேக்கப் பயணிகளும் அறிந்திருந்த துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்த வண்டல் மேடிட, கடல் பல கிலோமீட்டர் விலகிப்போனது. துறை பழைய காயலுக்குப் போய், பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. அந்த வண்டல் இன்றும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1873-இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணையில் அது படிந்து, நீர் நிற்க இடமில்லாமல் போனது. அதை அள்ளவும் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. மண் அள்ளு என்று அரசுக்குத் தீர்ப்பாயம் சொல்லித்தர வேண்டிய நிலை வெட்கக்கேடு.

அத்தனை மழையை எந்தக் கரையும் தாங்காது என்பார்கள். இருக்கலாம். ஆனால் மறுகால் அடைபடாமல் இருந்தால், மடைக் கதவு துருப்பிடிக்காமல் இருந்தால், ஓடையில் கருவேலம் மண்டாமல் இருந்தால், வெள்ளம் ஊருக்குள் ஏறும் உயரம் குறையும். ஒரு சாண் குறைந்தாலும் ஒரு வீட்டு நெல் பிழைக்கும். கடல் சூடேறிவரும் காலத்தில் இப்படிப்பட்ட மழை இன்னும் வரும் என்றே விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். கரை கட்டியவனுக்கு மாலை விழாது, பணம் நீட்டுகிறவனுக்குத்தான் விழும். அந்த மாலைக்கு மயங்காமல் இருப்பதுதான் செங்கோல்.

ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குவதுபோல ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால், தென்கால் வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு பலகை வைக்கட்டும்: கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு, அள்ளிய மண், செலவான பணம், மடைக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி. ஐப்பசி மழைக்கு முன் கிராம சபையில் அதை வாசிக்கட்டும்.