பதினாயிரம் தாலந்தும் ஒரு ராக்கியும்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தங்கத்தின் எடை தெரியும். 2001 பிப்ரவரியில் மூடப்படும்வரை, சுமார் 120 ஆண்டுகளில் அந்தத் தங்கவயல் தந்தது ஏறத்தாழ 800 டன். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் ஒரு வேலைக்காரன் தன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. எடையாகப் பார்த்தால் 300 டன்னுக்கும் மேல்! கூலியாகக் கணக்கிட்டால் ஆறு கோடி நாள் உழைப்பு. எத்தனை ஷிப்ட் இறங்கினாலும் எந்தத் தொழிலாளியாலும் அடைக்க முடியாத கடன் அது. ராஜா அதை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார். மன்னிக்கப்பட்டவனோ, வெறும் நூறு நாள் கூலிக்காகச் சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தான்.

நூறு நாள் கூலியும் ஏழைக்குப் பெரிய தொகைதான். நமக்குப் பிறர் செய்த தீங்கை இயேசு அற்பமென்று சொல்லவில்லை.

பெருந்தீங்கையும் மன்னித்த ஒரு குடும்பம் உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அவரைச் சமந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். 2002 ரக்ஷா பந்தனன்று அவர் சிறைக்குப் போய், அக்காளைக் குத்திய அதே கையில், அவரைச் சகோதரனாக ஏற்று ராக்கி கட்டினார். வாயால் மன்னித்ததோடு நிற்கவில்லை. சமந்தர் சிங்கின் விடுதலைக்கும் குடும்பமே பரிந்து பேசியது. 2006-இல் சமந்தர் சிங் வெளியே வந்தார். பிறகு புல்லுவழிக்குப் போய் ராணி மரியாவின் தாய் தகப்பனை நேரில் சந்தித்தார்.