பின்னிருந்து வாசிப்பவர்

ஒரு தொழிலின் மதிப்பு அதன் முடிவில் கிட்டும் புகழிலே தங்கியுள்ளதா, அன்றி அதனைச் செய்யும் செயலிலேயே அடங்கியுள்ளதா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பொப், றொக் இசைக்குழுவொன்றிலே கீபோர்ட் வாசிப்பவரின் வாழ்க்கை இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. பாடகர் மேடையின் முன்னே நிற்கின்றார். கரகோஷம் அவருக்கே உரியதாகின்றது. பாடலைத் தாங்கி நிற்பவரோ பின்னே அமர்ந்திருக்கின்றார். அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

மாத்தளையிலோ உக்குவளையிலோ ஓர் இளைஞன் இத்தொழிலை நாடுவானாயின், “இதனால் நீ என்னவாகப் போகின்றாய்?” என வீட்டார் வினவுவர். அவனுக்காகப் பரிந்து பேசுவோர் உடனே ஏ. ஆர். ரஹ்மானை எடுத்துக்காட்டுவர். இசையமைப்பாளரான தந்தை ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்தே அக்குடும்பம் பிழைத்தது. மகனின் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. அவர் சிவமணி முதலியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்ட் வாசித்தார், ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் றொக் குழுவை அமைத்தார், இளையராஜா முதலானோரின் இசைக்குழுக்களில் வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தது. 2009இல் இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிட்டின.

சான்று வலியதே, ஆயினும் வாதம் வலியதன்று. ‘ரோஜா’ வெளிவராதிருப்பின், பின்னிருந்து வாசித்த அவ்வாண்டுகள் வீணென்று கொள்ளலாமா? இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் கீபோர்ட் வாசித்தவர் விஜி மனுவேல். உலகப்புகழ் அவரை நாடி வரவில்லை. எனினும், அப்பாடல்களைக் கேட்கும் ஒவ்வொருவரும் பெயரறியாமலே அவர் விரல்களின் பணியை நுகர்கின்றனர். அவ்வாழ்வைத் தோல்வி எனக் கூற எவருக்கு உரிமையுண்டு? யாழ் வாசிப்போனின் பணி வாசித்தல், சிறந்தோனின் பணி அதனைச் செவ்வனே வாசித்தல் என்பது அரிஸ்டோட்டில் காட்டிய உதாரணம். அளவுகோல் வாசிப்பிலேயே உள்ளது, விருதில் இல்லை.

நமது பேச்சுவழக்கோ வேறுவிதமாய் மதிப்பிட்டுள்ளது. சுருதிப்பெட்டி வருமுன், நாதஸ்வரத்துக்கு இடையறாது ஆதார சுருதி தந்த கருவி ஒத்து. மூச்சடக்கி அதனை ஊதியவரின் உழைப்பை நாம் ‘ஒத்தூதுதல்’ என வசைச்சொல்லாக்கினோம். துணை நிற்பதை இழிவாகக் கருதும் மனப்பாங்கே அச்சொல்லிற் பதிந்துள்ளது.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். செயலே பயன் என்றால் பசிக்கு விடை யாது? ரஹ்மான் இளமையில் வாசித்ததும் குடும்பத்தின் பிழைப்புக்காகவேயன்றோ? இவ்வாட்சேபம் நியாயமானது. கலைஞனின் மனநிறைவைக் காரணங்காட்டி அவன் கூலியைக் குறைப்பது சுரண்டலேயாகும். ஆகவே, பின்னிருப்பவரை மதித்தல் என்பது வெறும் புகழுரையன்று. உரிய ஊதியமும் உரிய இடத்திற் பெயர்க்குறிப்பும் அளித்தலாகும். இக்கடமை இசைக்குழுவை நடத்துவோருக்கும் அதனை அழைக்கும் விழாக்குழுவினருக்கும் உண்டு.

கலைப்பீட மாணவரை நோக்கியும் “என்னவாகப் போகின்றாய்?” என்ற வினா எழுவதுண்டு. ஆயிரத்தில் ஒருவர் பெற்ற புகழை அதற்கு விடையாகக் காட்டுதல் எஞ்சிய பேரைக் கைவிடுவதாகும். “இதனைச் செவ்வனே செய்பவனாவேன், அதனாலே நேர்மையாக வாழ்வேன்” என்று ஒருவன் கூறுவானாயின் அவ்விடை போதுமானது. அவன் அவ்வாறு வாழ இடமளிப்பது சமூகத்தின் பொறுப்பு.