கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

உடல் இறைவன் தந்த அமானத். அது நோயில் விழுந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்? "வாயைக் கட்டவில்லை" என்று சர்க்கரை வியாதிக்காரரையே பழிக்கிறோம். ஆய்க்குடி வட்டாரத்தில் முறத்தை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் உட்கார்ந்தே பீடி சுற்றும் தாய்மார்களைப் பாருங்கள். அசைவற்ற அந்த வேலை அவர்கள் ஆசைப்பட்டுத் தேடியதா?

2011 முதல் ரேஷனில் விலையின்றிக் கிடைப்பது தீட்டிய அரிசி. பசி தீர்ந்தது, மறுப்பதற்கில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் மாத்திரை தரும் அரசு தட்டையும் பார்க்க வேண்டாமா? ஆள்வோருக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு.

நமக்கும்தான். வயிற்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், வலீமா விருந்தில் நோயாளியின் தட்டில் அல்வாவைத் திணிப்பது உபசரிப்பா?