பிள்ளையின் மனத்தை வரைபவர் யார்?

ஒரு பிள்ளைக்கு நாம் எதையேனும் கற்பிக்கும்போது உண்மையில் நடைபெறுவது என்ன? வெறும் பாத்திரத்தில் நீர் வார்ப்பதுபோல, நம்மிடமுள்ள அறிவை அதன் உள்ளத்தில் வார்க்கின்றோமா? அன்றி, அப்பிள்ளை தன் சொந்த அறிவினால் உண்மையைக் கண்டுகொள்ளத் துணைநிற்கின்றோமா? இது தத்துவ ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பிள்ளையை மடியில் இருத்தி அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் தாயும், ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு நடத்தும் இளைஞனும், அறிந்தோ அறியாமலோ நாள்தோறும் இதற்கு ஒரு விடை அளித்துக்கொண்டே இருக்கின்றனர். ஆரம்ப வகுப்புகளில் இன்று கையாளப்படும் ஒரு கணினிக் கருவி, இந்தப் பழைய கேள்வியை என் முன்னே புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தியது.

மனவரைபடம் என்று அதனைச் சொல்கின்றார்கள். ஒரு தாளின் நடுவே ஒரு சொல்லை எழுதி வட்டமிட வேண்டும். அச்சொல்லை நினைத்தவுடன் மனத்தில் எழுவனவற்றையெல்லாம் சுற்றிலும் எழுதிக் கோடுகளால் இணைக்க வேண்டும். கிளையிலிருந்து கிளை பிரிவதுபோல் எண்ணத்திலிருந்து எண்ணம் பிரியும். பிரித்தானியரான ரொனி பூசான் 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மூலம் இம்முறையை உலகறியச் செய்தார். பின்னர் இதற்கெனக் கணினி மென்பொருள்கள் தோன்றின. சிறு பிள்ளைகளுக்கென்றே 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிட்ஸ்பிரேஷன் என்னும் மென்பொருள் வெளிவந்தது. எழுதத் தெரியாத பிள்ளையும் அதில் படங்களைத் தெரிந்தெடுத்துக் கோடிட்டு இணைக்கலாம். எழுதிய சொல்லைக் கணினி வாசித்துக் காட்டும். வரைந்த படத்தை, ஒரு கட்டுரைக்குரிய தலைப்பு நிரலாக மாற்றவும் அதில் வசதி உண்டு.

இவையெல்லாம் முற்றிலும் புதியவை என எண்ணிவிட வேண்டாம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாரிஸ் நகரில் வேதசாஸ்திரம் கற்பித்தவர் புவாத்தியே நகரத்துப் பீற்றர் என்பவர். 1193இல் அந்நகர்ப் பேராலயத்தின் சான்சலராகவும் ஆனவர். ஆதாம் முதல் கிறிஸ்துநாதர் வரையிலான வம்ச வரலாற்றை வட்டங்களாலும் கோடுகளாலும் அவர் ஒரு மரம்போல் அமைத்தார். ஏழை மாணாக்கரின் நன்மையை எண்ணியே அம்மரங்களைத் தோல்களில் வரைவித்தார் என, அவருக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்து வைத்துள்ளார். ஆகவே, எண்ணங்களைப் படமாக்கிக் கற்பிக்கும் முறை திருச்சபையின் பள்ளிக்கூடங்களுக்கு அந்நியமானதன்று. ஏழைகளின்மீது கொண்ட அன்பு அதன் பிறப்பிலேயே இருந்தது.

நம் காலத்தில் இம்முறைக்கு மற்றுமொரு தொடக்கமும் உண்டு. அதுவே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே யோசேப் நோவாக் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலிநாடாக்களின் உதவியோடு விஞ்ஞானம் கற்பித்தனர். அப்பிள்ளைகளின் விளக்கம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிய அவர்களுடன் உரையாடி, உரையாடல்களை எழுதிவைத்தனர். எழுதிய தாள்கள் குவிந்தன. ஆனால் பிள்ளையின் எண்ணம் எங்கே வளர்ந்தது, எங்கே முறிந்தது என்பது அத்தாள்களிலிருந்து தெளிவாகவில்லை. எனவே 1972ஆம் ஆண்டளவில், பிள்ளை சொன்னவற்றிலுள்ள எண்ணக்கருக்களைக் கட்டங்களில் எழுதி, அவற்றைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின்மீதும் இணைக்கும் சொல்லையும் எழுதிப் பார்த்தனர். எண்ணக்கரு வரைபடம் இவ்வாறுதான் தோன்றியது. பிள்ளை ஏற்கனவே அறிந்திருப்பது எதுவோ, அதுவே அது இனிக் கற்கப்போவதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்னும் டேவிட் ஓசுபெல் என்ற உளவியலாளரின் கருத்தே இதற்கு அடிப்படையாய் அமைந்தது.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். பிள்ளை சொல்வதைப் பெரியவர்கள் கேட்பதற்காகவே அந்த வரைபடம் பிறந்தது. அதனை எடுத்து, பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைமீது சுமத்தும் கருவியாக நாம் மாற்றிவிட்டால் என்னவாகும்? என்னவாகும் என்பதை நான் அறிவேன். ஏனெனில் அத்தவற்றை நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தீவகத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மடிக்கணினியில் இவ்வகை மென்பொருளைப் பழக்கினேன். அன்றைய பாடம் 'நீர்'. மழை, ஆறு, குளம், கடல், கிணறு என ஐந்து கிளைகளுடன் மாதிரிப் படமொன்றை ஆயத்தம் செய்து கரும்பலகையிலும் வரைந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் முறை வைத்து வந்து தத்தம் படத்தை அமைத்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தில் நான் எதிர்பார்த்தவை இல்லை. 'கிணறு' என்று எழுதி, அதற்கு அருகே 'உப்பு' என்று எழுதியிருந்தாள். வேறொரு கிளையில் 'பவுசர்' இருந்தது. பவுசரிலிருந்து ஒரு கோடு நீண்டு 'அம்மா' என்னும் சொல்லில் முடிந்தது.

"இதிலை ஆறு எங்கை, பிள்ளை?" என்று கேட்டேன்.

"நான் ஆறு காணேல்லை, சேர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பின்பு, "அம்மா இதுக்குள்ளை வராது பிள்ளை, இது தண்ணியைப் பற்றின பாடம்" என்று சொல்லி ஒரு விசையை அழுத்தினேன். 'அம்மா' மறைந்தது. கோடும் அதனுடன் மறைந்தது. 'ஆறு' என்று நானே எழுதிச் சேர்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் 'உணவு' என்ற பாடத்திற்கு அவள் அமைத்த படம், கரும்பலகையில் நான் வரைந்ததை அச்சொட்டாக ஒத்திருந்தது. நான் அவளை மெச்சினேன்.

சில நாட்களின் பின் ஒருநாள் விடியற்காலையில் அவ்வூர் ஒழுங்கையால் போகும்போது, பவுசரை எதிர்பார்த்துப் பெண்கள் வாளிகளோடும் கான்களோடும் வரிசையில் நிற்பதைக் கண்டேன். அவ்வரிசையில் அச்சிறுமியின் தாயும் நின்றாள். பக்கத்தில் நித்திரைத் தூக்கத்தோடு அச்சிறுமி. அவ்வீட்டில் தண்ணீர் என்றால் அம்மாதான். அந்தக் கோட்டை அவள் சரியாகவே போட்டிருந்தாள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே நமது கிணறுகளின் நீர். கரையோரங்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறு உவராகிவிடும். புவியியல் நூல்கள் விளக்கும் இவ்வுண்மையைத்தான் கிணற்றின் அருகே 'உப்பு' என்று எழுதி அப்பிள்ளை சொன்னாள். அவள் கண்டதை எழுதினாள். நானோ அவள் காணாததை அவள் பெயரால் எழுதினேன். பொய்ச் சாட்சி சொல்லாதிருக்கும்படி எட்டாம் கட்டளை நம்மைப் பணிக்கின்றது. கண்டதை மறைத்துக் காணாததைச் சொன்னால் மெச்சப்படுவாய் என ஒரு பிள்ளைக்குப் பழக்கிவிடுவது, அக்கட்டளைக்கு எதிரான முதற் பாடம் அன்றோ?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "தான் கண்டதை மட்டுமா பிள்ளை கற்க வேண்டும்? ஆற்றையும் பனிமலையையும் பாலைவனத்தையும் அது அறிய வேண்டாமா? காணாதவற்றை விசுவசிப்பதுதானே நமது வேதம்?" என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆற்றை அவள் அறியத்தான் வேண்டும். ஆனால் அறியாத ஆறு, அறிந்த கிணற்றோடு வந்து இணைய வேண்டும். கிணற்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரக் கூடாது. மனனம் செய்தலும் இகழத்தக்கதன்று. பழைய ஞானோபதேச வினாவிடைகளைப் பொருள் விளங்காமலே நாம் பாடமாக்கினோம். பின்னொரு நாள் ஒரு மரணப் படுக்கையின் அருகே, அல்லது இடம்பெயர்ந்து வந்து தங்கிய கொட்டிலில், அச்சொற்களின் பொருள் திடீரென விளங்கியதை உணர்ந்தவர்கள் நம்மிடையே பலர். அச்சொற்கள் நமது சொந்த வாழ்வோடு ஒரு கோட்டால் இணைந்த நேரம் அது. அக்கோட்டை நமக்காக வேறொருவர் வரைந்திருக்க முடியாது.

புனித அகுஸ்தீனார் ஏறக்குறைய 389ஆம் ஆண்டில், தம் மகன் அதேயோதாத்துசுடன் நிகழ்த்திய உரையாடலாக, ஆசிரியரைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். ஆசிரியர் என்ன நினைக்கின்றார் என்பதை அறிவதற்காக எந்தத் தகப்பனும் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்பது அதில் அவர் காட்டும் நியாயங்களுள் ஒன்று. வெளியே ஒலிக்கும் சொல்லை மாணாக்கன் தன்னுள்ளே இருக்கும் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்த்தே கற்கின்றான். அங்கே உள்ளிருந்து கற்பிப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் முடிவு. புனித தோமஸ் அக்குவினாஸ் இப்பொருளை 13ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஆராய்ந்து, ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிட்டார். வைத்தியர் மருந்து கொடுக்கின்றார்; ஆயினும் உடலைக் குணமாக்குவது உடலின் இயற்கைச் சக்தியே. அவ்வாறே ஆசிரியர் துணைசெய்ய, மாணாக்கனின் சொந்த அறிவே அறிகின்றது.

வைத்தியர் என்ற உவமையை இன்னும் சற்று நீட்டிப் பார்க்கலாம். நோயைக் கேட்டறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. அதேபோல், நோய் என்று தெரிந்தும் வாளாவிருப்பவரையும் நம்புவதில்லை. பிள்ளை வரையும் கோடுகள் யாவும் சரியென்று சொல்லிவிட முடியாது. மறைக்கல்வி வகுப்பில் 'கடவுள்' என்னும் சொல்லிலிருந்து ஒரு பிள்ளை 'அடி' என்னும் சொல்லுக்குக் கோடு இழுத்தால் அதனை அப்படியே விட்டுவிடலாமா? திருத்தத்தான் வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டால், "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று வீட்டில் நாமே சொல்லிய சொல் வெளிவரலாம். அப்போது திருத்தம் தேவைப்படுவது பிள்ளைக்கு மட்டுமன்று என்பது தெரியவரும். விசையை அழுத்தி அழித்திருந்தால் கோடு படத்தில் மறைந்திருக்கும், மனத்தில் நிலைத்திருக்கும்.

கணினி இதில் நன்மை செய்யாமல் இல்லை. எழுத்து வராமல் தடுமாறும் பிள்ளைக்கு அது கைகொடுக்கின்றது. ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்கு நகர்த்தினால் கோடும் கூடவே நகர்கின்றது. கொப்பித் தாள் கிழியும்வரை அழிறப்பரால் தேய்க்கும் வெட்கம் பிள்ளைக்கு இல்லை. மனத்தை மாற்றிக்கொள்வது தோல்வியன்று என அது பழகிக்கொள்கின்றது. ஆனால் இதே இலகுவில்தான் ஆபத்தும் உண்டு. வண்ணமும் ஒழுங்கும் கணினி தருவன. அவற்றைக் கண்டு பிள்ளை சிந்தித்துவிட்டது என்று நாம் மயங்குகின்றோம். ஆயத்தமாய் இருக்கும் படங்களோ வேறொரு நாட்டில் வேறொரு நாட்டுப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு தெரிந்தெடுக்கப்பட்டவை. பரீட்சை அவசரத்தில், ஆசிரியர் வரைந்த மனவரைபடத்தையே பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பதும் நடக்கின்றது. முன்பு பந்தி பந்தியாய்ப் பாடமாக்கியதை இப்போது கிளை கிளையாய்ப் பாடமாக்குவதில் என்ன மாற்றம் உண்டு?

ஆதலால் நான் இப்போது ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்கிறேன். கணினியானாலும், வெண்கட்டியால் நிலத்தில் வரைந்தாலும், ஒவ்வொரு கோட்டின்மீதும் ஒரு சொல்லை எழுதும்படி பிள்ளையைக் கேட்கிறேன். இது நோவாக்கின் முறைதான். கோட்டைப் பார்த்து எழுதிவிடலாம். கோட்டின்மேல் உள்ள சொல்லைச் சிந்தியாமல் எழுத முடியாது. மழைக்கும் கிணற்றுக்கும் இடையே 'நிரப்பும்' என்று எழுதும் பிள்ளை ஒரு முழு வாக்கியத்தைச் சிந்தித்துவிட்டது. அதன் பின்பே என் கேள்வி வரும்: "இதை எப்பிடிக் கண்டனீ?"

கத்தோலிக்கப் பெற்றோரே, 1965 ஒக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் நீங்களே என்று கூறுகின்றது. இதற்குக் கணினி வேண்டியதில்லை. இரவுச் செபமாலை முடிந்தபின் ஒரு தாளை எடுத்து, நடுவே 'எங்கள் வீடு' என்றோ 'செபம்' என்றோ எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள். அது எழுதி முடிக்கும்வரை பேசாதிருங்கள். அதில் உங்களுக்கு உவப்பில்லாத ஒரு கோடும் இருக்கலாம். குடித்துவிட்டு வரும் தகப்பனின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது, வெளிநாட்டிலுள்ள தமையன் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றான் என்பவற்றை அத்தாள் காட்டக்கூடும். கோபிக்க வேண்டாம். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி சொன்ன ஆண்டவர், அவர்களுக்கு முதலில் பரீட்சை வைத்ததாக நற்செய்தியில் இல்லை.

அந்தத் தீவகத்துச் சிறுமி இப்போது வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நான் அழித்த அச்சொல்லை அவள் படத்தில் திரும்ப எழுத எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை வரைந்த கோட்டை அழிக்க உங்கள் கை எழும்போது, ஒருமுறை பொறுத்து, அது எதற்கென்று கேளுங்கள்.