காணா உயிர்க்கு நேரும் ஊறு

தொண்டை நாட்டிலே கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவிற் பெயர்பெற்ற நகரம். ஆங்குத் தறிக்குழியில் அமர்ந்து நாடா ஓட்டும் நெசவாளர் கைக்கு வருவது பளபளக்கும் நூல் மட்டுமே. அந்நூலின் பொருட்டுக் கூட்டினுள்ளே உறங்கிய புழு வெப்பத்தால் மாய்ந்தது வேறோரிடத்தில். அதனை அவர் கொல்லக் கருதினாருமல்லர், கண்டாருமல்லர். காணாமலும் கருதாமலும் நேரும் உயிர்க்கேட்டில் மக்களுக்குப் பங்குண்டோ என்னும் வினா இங்ஙனம் எழுகின்றது. இவ்வினாவையே இன்னும் பெரிதாக்கி நிறுத்துவது, கடற்படைகளின் ஒலிக்கருவிகளாலும் வெடிகளாலும் திமிங்கலங்கட்கு நேரும் துன்பமாம்.

ஒலி காற்றிற் செல்வதினும் நீரில் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து, நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஒளி புகாத ஆழ்கடலில் இரை தேடும் திமிங்கலத்துக்குச் செவியே கண். போர்க்கப்பல்களோ, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும்பொருட்டுச் சோனார் என்னும் கருவியாற் பேரொலியைக் கடலுள் வீசி, அதன் எதிரொலியைக் கேட்கின்றன. 2000 மார்ச்சில் பகாமாத் தீவுகளில் அமெரிக்கக் கடற்படை இக்கருவியைப் பயன்படுத்தியபோது திமிங்கல இனத்தவை 17 கரையொதுங்கின. அக்கருவியே காரணமாதற்குப் பெரிதும் பொருந்தும் என்று அந்நாட்டரசின் அறிக்கையே 2001இல் ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கானரித் தீவுகளருகே பன்னாட்டுக் கடற்படைகள் பயிற்சி நிகழ்த்திய காலை 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. இறந்தவற்றின் உடலை ஆராய்ந்த அறிஞர், அவற்றின் உறுப்புக்களில் வாயுக்குமிழிகள் செய்த ஊறு கண்டனர். ஒலிக்கு வெருண்டு மூழ்கும் முறை பிறழ்ந்தமையால் அவை அந்நோயுற்றன என்ப. வெடியின் கேடோ வெளிப்படை. 2011 மார்ச்சில் கலிபோர்னியாக் கடலில் நிகழ்ந்த வெடிப்பயிற்சியில் ஓங்கில்கள் சில மாண்டன.

கரையொதுங்குவன அனைத்திற்கும் இதுவே காரணம் எனலாகாது. தமிழ்நாட்டில் மணப்பாட்டை அடுத்த கடற்கரையில் 1973 ஜனவரியிலும் 2016 ஜனவரியிலும் திமிங்கலக் கூட்டங்கள் ஒதுங்கின. பிந்தியதில் ஒதுங்கியவை 80க்கு மேல். அவற்றிற்கு ஒலிக்கருவி காரணமென நிறுவப்படவில்லை. பழியையும் அளந்தே சுமத்துதல் அறம்.

அற்றேல், நாடு காத்தல் அரசின் கடன். கொல்லும் கருத்தின்றி நேர்ந்தது குற்றமாகாது எனின், அதற்குத் திருவாரூர் விடை பகரும். மனுச்சோழன் மைந்தனும் கன்றைக் கொல்லக் கருதினானல்லன்; தேர்க்காலிற் கன்று புகுந்ததை அவன் அறியவுமில்லை. கழுவாய் போதும் என்று அமைச்சர் கூறவும், மன்னவன் தாய்ப்பசுவின் துயரையே தன் துயராகக் கொண்டான். கருத்தின்மை குற்றத்தைக் குறைக்கும், துன்பத்தை இல்லையாக்காது.

அவ்வுயிர்கள் தத்தம் வினைப்பயனையே நுகர்கின்றன, பிறர்க்கு அதில் என்னை எனின், அதுவும் பொருந்தாது. நுகர்வது அவற்றின் பிராரத்தமே ஆயினும், அதற்கு வாயிலாய் நின்று தீங்கிழைப்போர்க்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும். பிறர் வினையைக் காட்டித் தன் வினையினின்று தப்புவார் எவருமிலர். மேலும், தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்கு அளித்தது அவற்றின் மலம் பரிபாகமுறுதற்பொருட்டு. திமிங்கலத்துக்குக் கடலே புவனம். செவியே சிறந்த கருவி. அவ்விரண்டையும் கெடுத்தல், அவ்வுயிர்க்குத் திருவருள் ஈந்த கொடையைப் பறித்தலாகும்.

இனி, அறியாது செய்ததற்கும் அறிந்தபின் செய்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. பண்டு இக்கேட்டை அறியாதார்க்குப் பழி சிறிது. 2003 முதல் ஆய்வுகள் இதனை எடுத்துக் காட்டிய பின்னரோ, அறியேம் என்பது அறியாமையன்று, அறிய விரும்பாமை. 2004இல் இசுப்பானிய அரசு கானரித் தீவுகளைச் சூழ்ந்த கடலில் அக்கருவியைத் தடுத்தது. அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தும் அலகுத் திமிங்கலங்கள் அங்கே முன்போற் கூட்டமாய் ஒதுங்கவில்லை என்று ஆய்வாளர் 2013இல் எழுதினர். அதனால் அந்நாடு காவலிழந்ததுமில்லை. அந்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டினின்று பட்டு நூற்கும் முறையும் இன்று உண்டு. காவலையும் தொழிலையும் கைவிட வேண்டுவதில்லை; எங்கே, எப்பொழுது, எவ்வளவு என்று கருதிச் செய்தலே வேண்டுவது.

திருவாரூர்ப் பசுவுக்கு முறையிட ஒரு மணி இருந்தது. ஆழ்கடல் உயிர்க்கு அரண்மனை வாயிலுமில்லை, மணியுமில்லை. கரையில் வந்து கிடக்கும் அதன் உடலே அம்மணி. அதன் ஓசை கேட்டும் கேளாதார் போல் இராமை, எவ்வுயிரினும் சிவம் உறைவதை உணர்ந்தார்க்குக் கடனாம்.