ஆவுரிஞ்சுதறிக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

32 அறங்கள் என்று நம் மரபு தரும் பட்டியலை நிதானமாகப் படித்தால் அதன் தாராளம் தெரியும். சோறு, மடம், தண்ணீர்ப்பந்தல் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. அவற்றோடு தலைக்கு எண்ணெயும், முகம் பார்க்கக் கண்ணாடியும், சிறையில் கிடப்பவனுக்குச் சோறும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்டுவைக்கும் ஆவுரிஞ்சுதறியும் வரிசையில் நிற்கின்றன. மாட்டின் அரிப்பைக்கூட யாரோ யோசித்திருக்கிறார்கள். பிறர்துயர் காத்தல் என்று தனியாகவே ஓர் அறம் உண்டு. நோய்க்கு மருந்து கொடுக்கச் சொன்னவர்கள், எதையும் குணமாக்காத இந்தச் சின்ன உதவிகளையும் மருந்துக்குச் சமமாகவே வைத்தார்கள். அப்படியானால், மனச்சிதைவோடு வாழ்பவர்களின் தாய்தகப்பன்மார் வாரம் ஒரு நாள் கூடிப் பேசுகிற பத்துப் பேர் குழுவுக்கு வாடகையும் தேநீர்ச் செலவும் பஸ் காசும் கொடுப்பது அறத்தில் சேருமா? சேரும் என்பதும், சேருமென்றால் அறத்துக்குரிய முறையில்தான் கொடுக்க வேண்டும் என்பதுமே என் வாதம்.

இன்று கொடுக்கும் முறை வேறு. நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். நல்வாழ்வுப் பணி அதன் அட்டவணையில் முதல் இனத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வெளியார் வாங்கிச் செலவிட வேண்டுமென்றால் பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும்; வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, சி.எஸ்.ஆர்-1 படிவம், மூன்றாண்டு முன் அனுபவம் எல்லாம் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்த குழுவிடம் இதில் எது இருக்கும்? தப்பித்தவறி இருந்தாலும், பயனாளிகள் எத்தனை பேர், முன்னேறியவர்கள் எத்தனை பேர் என்ற கட்டங்கள் விண்ணப்பத்தில் காத்திருக்கும். வருடக்கணக்காக மகனின் வசவைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அதை இன்னொருத்தியிடம் சொல்கிறாள். அவள் வீட்டிலும் அதே கதைதான் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பேச்சுக்குக் காசு எதற்கு, மருத்துவருக்கும் மாத்திரைக்கும் கொடுக்கலாமே என்பார்கள். நியாயமான மறுப்புதான். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதையும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வெளியிலேயே நிற்பதையும் காட்டியது. மருந்து முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கு அப்பாலும் ஒன்று வேலை செய்கிறது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று, தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கல். காலையில் சிறு பூசை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அவ்வளவுதான். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதை வைத்துக்கொண்டு கோயிலே மருத்துவமனை என்று கிளம்பக்கூடாது. விரட்டாத ஓர் இடமும் கூட இருக்க ஆட்களும் வீண்செலவல்ல என்று சொல்லும் அளவுக்கு அது போதும்.

அடுத்த மறுப்பு கடுமையானது. பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொன்ன ஊரில் கணக்குக் கேட்காமல் கொடு என்பதா, ஏர்வாடியை மறந்தாயிற்றா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மறக்கக்கூடியதல்ல. ஆனால் அங்கே நடந்ததற்குத் தானம் என்று பெயரில்லை. குடும்பங்களிடம் காசு வாங்கி நடத்திய தொழில் அது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. காசு எங்கே போனது, கதவு திறந்திருக்கிறதா, வருகிறவர்கள் விரும்பித்தான் வருகிறார்களா என்று கேட்பது கொடுப்பவரின் கடமை. எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்பது வேறு விஷயம்; போட்ட பணத்துக்குப் பலன் கேட்பது அது. அந்தக் கணக்கில் குணமாகாதவர் நட்டமாகிவிடுவார். நாளடைவில் குழுவே தேறக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளப் பழகிவிடும்.

எளிதில் தள்ள முடியாத மறுப்பு, குடியை விட முயல்வோர் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வரலாற்றில் இருக்கிறது. 1938இல் அதன் நிறுவனர்களுக்கு உதவ முன்வந்த அமெரிக்கப் பெருஞ்செல்வர் ராக்ஃபெல்லர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். பின்னர் வெளியார் நன்கொடையே வேண்டாம் என்பதை அவர்களே தங்கள் ஏழாவது மரபாக வகுத்துக்கொண்டார்கள். கொடுப்பவர் கை ஓங்கினால் பேசுகிறவர் வாய் அடைத்துப்போகும் என்ற பயம் சரியானதே. ஆனால் குடியை விட்டவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, கூட்டத்தில் சுற்றிவரும் பையில் பணம் போடலாம். மகனை விட்டு நகர முடியாமல் வேலையையே விட்ட தாய் எதைப் போடுவாள்? ஆகவே ஒரே புரவலரிடம் ஐந்து லட்சம் வாங்குவதைவிட, இடம் ஒருவரிடமும் தேநீர் வேறொருவரிடமும் பஸ் காசு மற்றவர்களிடமுமாக வாங்குவது நல்லது. யாரும் முதலாளியாக முடியாது.

இடம் என்றால் கோயிலையும் கேட்கலாம். சாமிக்குப் போட்ட காசை இதற்குத் திருப்புவதா என்று பக்தர் கேட்பார். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டமே, கோயில்களின் உபரி நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில் தொழுநோயாளர் காப்பகத்தையும் ஆதரவற்றோர் இல்லத்தையும் சேர்த்திருக்கிறது. இதற்கு உண்டியலைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் மதியப் பந்தி மட்டும் நடக்கும் கோயில்களில், பந்தி முடிந்து நடை சாத்திய பிறகு கூடம் சாயங்காலம் வரை சும்மா கிடக்கிறது. தேவாலயத்துக்கும் ஜமாத்துக்கும் கூடங்கள் உண்டு. அந்த ஏர்வாடியிலேயே தீ விபத்துக்குப் பின் தர்காவின் துவாவோடு (வேண்டுதல்) அரசு மருத்துவரின் தவாவும் (மருந்து) சேர்ந்து கிடைக்க ஏற்பாடானது. கூடம் கிடைத்தால் மீதிச் செலவைக் கடைத்தெருவில் பத்துப் பேர் மாதம் 200 ரூபாய் போட்டே முடித்துவிடலாம். வாரம் ஒரு மதியம் இரண்டு மணி நேரத்துக்குச் சாவியைக் கொடுக்கக் கோயில் செயல் அலுவலர் ஒருவர் சம்மதிக்க வேண்டும்.