உடையாத நாட்கள்

சென்ற வருஷம் தம்பியிடம் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். திரும்ப எடுக்க முடியாத சொல். அதற்குப்பின் சில வாரங்கள் நான் படித்ததெல்லாம், இப்போது யோசித்தால், அதைச் சொன்னது நானில்லை என்று நிரூபிக்கத்தான். பெஞ்சமின் லிபெட் அப்படித்தான் கைக்கு வந்தார்.

1983இல் அவர் வெளியிட்ட பரிசோதனை பிரசித்தமானது. இஷ்டப்பட்டபோது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைக்கும் எண்ணம் எழுந்த கணத்தை, 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒளிப்புள்ளியின் இடத்தைக்கொண்டு சொல்ல வேண்டும். எண்ணம், அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்பு. மூளையின் மின் அலையோ சுமார் 0.55 விநாடி முன்பே எழத் தொடங்கிவிடுகிறது. ஆக, 'நான்' என்பது காரியம் முடிவான பிறகு வந்து கையெழுத்துப் போடும் குமாஸ்தா. எனக்குப் பெரிய ஆறுதல். இத்தனை சுலபமாக ஆறுதல் தரும் தத்துவத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

சந்தேகம் கணக்கு வழியாக வந்தது. அந்த அலை, ஒரு தனி அசைவில் லிபெட் கண்டதல்ல. தலைக்கு மேலிருந்து பதிவு செய்யும்போது இரைச்சல்தான் அதிகம். எனவே 40 அசைவுகளை, அசைந்த கணத்தைப் பொதுப்புள்ளியாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். இரைச்சல் அடங்கி ஒரு சரிவு மிஞ்சுகிறது. 2012இல் ஆரன் ஷூர்கரும் அவரது சகாக்களும் இந்தச் சரிவையே கேள்விக்குள்ளாக்கினார்கள். மூளையின் பின்னணி மின்னோட்டம் எப்போதும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த கணங்களிலிருந்து மட்டும் பின்னோக்கிப் பார்த்தால் ஏற்றமே தெரியும் என்றார்கள். ஏரி உடைந்த நாட்களை மட்டும் சேர்த்து நீர்மட்டத்துக்குச் சராசரி போட்டால், ஏரி உடைவதென்று முன்பே தீர்மானித்ததுபோல ஒரு கோடு கிடைக்கும். ஏறி, உடையாமல் வடிந்த நாட்கள் கணக்கில் வரா.

விஷயம் இதோடு தீர்ந்துவிடவில்லை. 2011இல் இட்ஸாக் ஃப்ரீட் குழுவினர் வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள்ளேயே, தனித்தனி நியூரான்களைப் பதிவு செய்தார்கள். 256 நியூரான்களைக்கொண்டு, எண்ணம் உணரப்படுவதற்கு 0.7 விநாடி முன்பே, ஒவ்வொரு தனி அசைவையும் 80 சதவிகிதத்துக்கு மேல் சரியாக ஊகிக்க முடிந்தது. சராசரியைக் குறை சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஷூர்கர் சொல்வது சரியென்றாலும், எல்லையைத் தொடவைத்த அந்த அலைச்சல் மட்டும் என்னுடையதா?

ஆனால் அந்த மணிக்கட்டுகளுக்கு அசையக் காரணம் ஏதுமில்லை. அப்படித்தான் பரிசோதனையே அமைக்கப்பட்டிருக்கிறது. என் சொல்லுக்கு இருபது வருஷக் காரணம் இருந்தது. நாற்பது தடவை சொல்லப்பட்டதுமல்ல, ஒரே தடவை. அதற்குமுன் எத்தனையோ தடவை அது எழுந்து அடங்கியிருக்கிறது. அப்பாவின் காரியத்தன்றுகூட, பந்தலில், அதே சொல் நாக்குவரை வந்தது. தம்பி குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் கேட்டேன்.